முன் சக்கரம்

ஆக்சில் நட்டு முதல் அழுத்துக்கு அசையவில்லை. இரண்டாவது அழுத்துக்கும் அசையவில்லை. இப்படியே இறுகிக் கிடக்கட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் யாரோ அதைக் கேட்டுவிட்டது போலத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மஞ்சள் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தார். அமுக்கி விட, அமுக்கி விட. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "எண்ணெய் விட்டுட்டு அஞ்சு நிமிசம் பொறு வாணி, அதுவே எளகி வரும்" என்றார். பொறுக்கலாம். பொறுப்பதற்கு நான் தயார், ஐந்து நிமிடம் என்ன, ஐந்து மாதம் கூடப் பொறுப்பேன், ஆனால் மணி பத்தரை ஆகிவிட்டது, செல்லாத்தாளின் மாடு சாயங்காலத்துக்கு மேல் பொறுக்காது. காலை ஏழு மணிக்கு அந்த அம்மா போன் செய்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். இவர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், போனைச் சோத்தாங்கையில் நெடுநேரம் பிடிக்க முடியாது. "தம்பி, மாடு விடியறதுலிருந்து கத்தீட்டே இருக்குதுங்க. வேற ஆளக் கூப்புட்டு ரெண்டு ஊசி வீணாப் போச்சு. உங்க கையில போட்டாத்தான் நிக்கும்." கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். ஒன்பது மாதமாகச் சொல்லி வந்தது போல, இன்னும் கை சரியாகலீங்க ஆத்தா என்று. "காலையில கத்துனா சாயங்காலம் போடணுமுங்க. வர்றேன்" என்றார். கடுகு கருகியது. பதினெட்டு வருடமாகத் தாராபுரத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கெல்லாம் பைக்கில் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போட்ட மனிதர். ஒருவேளை அந்தப் பதினெட்டு வருடந்தான் பதில் சொல்லியிருக்கும், அவர் இல்லை.

நட்டு இளகிவிட்டது. ஒரு சின்ன 'கிறீச்', அதற்குப் பிறகு விரலாலேயே சுற்ற வந்தது. ஏதோ கைவிட்டுப் போனது போல் இருந்தது எனக்கு. நேற்றுப் பின் சக்கரத்து டயரை மாற்றியபோது இப்படி இல்லை. நேற்று ஞாயிறு, காலையில் உட்கார்ந்து பொழுது சாய்கிற வரை ஆனது, செயினைக் கழற்றி, திரும்ப மாட்டி, முழங்கை வரைக்கும் கிரீஸ், ஆனால் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. பொம்மை செய்வது போலச் செய்தேன். இன்றைக்கு மில்லுக்கு லீவு சொல்லிவிட்டேன். சூப்பர்வைசரிடம் காரணம் என்ன சொல்வது, டயர் மாற்ற வேண்டும் என்றா? காய்ச்சல் என்றேன். சொன்னதும் நிஜமாகவே நெற்றி சுடுகிற மாதிரி இருந்தது. பிரேக் கம்பியைக் கழற்று, ஸ்பீடாமீட்டர் கேபிளைக் கழற்று, இப்போது ஆக்சிலை இழு என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார், நான் செய்கிறேன். தெரு முனையில் சண்முகத்தின் பஞ்சர் கடை இருக்கிறது, ஏர் கம்ப்ரசர் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. சொன்னால் வந்து தூக்கிக்கொண்டு போய் அரைமணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிடுவான். "இனிமே என்ற வண்டில வேற ஒருத்தன் கை படக்கூடாது" என்றார், டயர் வாங்கி வந்த அன்றைக்கு. சண்முகம் என்ன செய்தான் பாவம், அவன் மேல் ஒரு தப்பும் இல்லை, டயர் பழசு, வழுக்கை விழுந்து உள்நூல் தெரிந்தது, மாத்தணும் மாத்தணும் என்று இவர்தான் தள்ளிக்கொண்டே போனார். ஆனால் இவர் கையில் முறிந்த எலும்புக்குத் தகடு வைத்திருக்கிறது, ஆறு ஸ்குரூ. லிவரை அழுத்த முடியாது. அப்படியானால் யார் கை? என் கை. ஓடுகிற வண்டியில் வெடித்தது முன் டயர், அதற்குப் பதில் புதுசு போட வேண்டியது என் கை. ஒன்பது மாதமாக இந்தக் கையால்தான் சோறு ஊட்டினேன், சட்டைப் பட்டன் போட்டேன், இப்போது அதே கை அவரை ரோட்டுக்கு அனுப்பி வைக்க வேண்டும்.

சக்கரத்தைச் சாக்கின் மேல் படுக்க வைத்து வால்வு ஊசியைத் திருகி எடுத்தேன். கொஞ்சநஞ்சம் இருந்த காற்றும் புஸ்ஸென்று போனது, வீச்சம் பிடித்த காற்று. வெடித்ததற்குப் பிறகு வண்டியை வீடு வரைக்கும் கொண்டுவர யாரோ தற்காலிகமாகப் போட்டுக் கொடுத்த பழைய டயர் இது. வெடித்த டயரை நான் பார்க்கவே இல்லை. பார்க்காததால் அது எனக்குள் தினம் ஒரு மாதிரி வெடிக்கிறது. ஒரு நாள் பட்டாசு மாதிரி, ஒரு நாள் துணி கிழிகிற மாதிரி. அவரிடம் கேட்டதற்கு, "சத்தமே கேக்கல புள்ள, ஹேண்டில் தானாத் திரும்புச்சு, அவ்வளவுதான்" என்றார். தானாகத் திரும்பியது. அதன் பிறகு கிளுவை வேலி, வேலிக்குக் கீழே வாய்க்கால், தண்ணீர் இல்லாத வாய்க்கால், அதில் இரண்டு மணி நேரம். அந்த ரோட்டில் மத்தியானம் ஆள் நடமாட்டம் கிடையாது, காற்றாலைக் காற்றாடிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் பதினோரு தடவை போன் செய்தேன். எதற்கு? வரும்போது அரைக்கிலோ ரவை வாங்கி வரச் சொல்ல. முதல் மூன்று தடவை சாதாரணமாக. நாலாவதிலிருந்து கோபமாக. எட்டாவது தடவை நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: எங்காவது தோட்டத்தில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டு பேச்சு சுவாரஸ்யத்தில் இருப்பார், எடுக்க மாட்டார், இருக்கட்டும், வரட்டும் வீட்டுக்கு. வரட்டும் வீட்டுக்கு என்று அந்த மனிதரைப் பற்றி நினைத்தேன். போன் அவருக்கு நாலடி தள்ளிக் கிடந்திருக்கிறது, கை எட்டாத தூரத்தில், அத்தனை மணியும் அவர் காதில் விழுந்திருக்கிறது. பின்னால் ஆஸ்பத்திரியில் சொன்னார்: "நீ கூப்புட்டுட்டே இருந்தியா, அதனாலதான் நான் கண்ண மூடல." நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இருக்கவேண்டும் என்றுதான். ஆனால் என் கோபம் அல்லவா மணியாக அடித்தது அங்கே.

"மேல ஏறி நில்லு, டயர் ரிம்ம விட்டுப் பிரியட்டும்." ஏறி நின்றேன். குதிகாலால் மிதித்தேன். டயர் முனகிக்கொண்டு உள்ளே அமுங்கியது. முதல் லிவரை நுழைத்து மடக்கி, முழங்காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, நாலு விரல் தள்ளி இரண்டாவது லிவர். நேற்றைக்கு நகம் பெயர்ந்த இடத்தில் எரிந்தது. பழைய டயர் கழன்று சாக்கில் உருண்டு விழுந்தது. ரிம்மைத் துணியால் துடைத்தேன், துருவை உப்புத்தாளால் தேய்த்தேன், ரிம் டேப்பைச் சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டேன். புது டயருக்குள் கையை விட்டு ஒரு சுற்று தடவினேன். உள்ளே கல், மண், முள் எதுவும் இருக்கக்கூடாது. நான் மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் இருக்கிறேன், பதின்மூன்று வருடம், அறுந்த நூல் முனையைக் கண்ணால் பார்க்காமல் விரலால் கண்டுபிடித்துவிடுவேன். ஒரு சுற்று போதும். மூன்று சுற்று தடவினேன். எதுவும் இல்லை. நாலாவது சுற்றில் விரல் தேடியது முள்ளையா, அல்லது முள் இருக்க வேண்டிய இடத்தையா என்று எனக்கே சந்தேகம் வந்து கையை வெளியே எடுத்துவிட்டேன். "என்ன புள்ள, ஏதாச்சும் இருக்குதா?" "இல்லீங்க. சுத்தமா இருக்குது." மஞ்சள் பந்து அமுங்கி விரிந்தது. அவர் அதை எண்ணவில்லை, உதடு அசையவில்லை. எண்ணாமல் அமுக்கினால் கணக்கு என்ன ஆகும் என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை. பிரேக் அந்தக் கையில்தான். முன் பிரேக், ஆக்சிலேட்டர் இரண்டும் அந்தக் கையில்தான். ஆடு குறுக்கே வரும், லாரி வரும், மண் ரோட்டில் குழி வரும், இந்தப் பந்தை அமுக்குவது போல அமுக்கினால் வண்டி நிற்குமா?

சுற்றும் திசை காட்டும் அம்புக்குறி பார்த்து டயரின் ஒரு பக்கத்தை ரிம்முக்குள் இறக்கியாகிவிட்டது. டியூபில் ஒரு மூச்சுக் காற்று அடித்து, உள்ளே வைத்து, வால்வை ஓட்டைக்குள் நுழைத்து, இன்னொரு பக்கத்துக்கு வந்தேன். சோப்புத் தண்ணீர் தடவிக் கையாலேயே பாதிக்கு மேல் இறக்கிவிட்டேன். கடைசி ஒரு சாண்தான் எப்போதும் தகராறு. நேற்றும் அப்படித்தான். அந்த ஒரு சாண் மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கும், லிவரைப் போட்டுத் தூக்கித்தான் உள்ளே தள்ள வேண்டும். போட்டேன். தூக்கினேன். லிவர் நுனிக்கும் ரிம்முக்கும் நடுவில் மெத்தென்று ஏதோ அகப்பட்டது. ஒரு கணந்தான். தூங்குகிற குழந்தையின் காது மடலைத் தொட்டது போல, அவ்வளவு மென்மையாக. டியூப். லிவரைப் பின்னுக்கு எடு, விரலை விட்டு டியூபை உள்ளே தள்ளு, திரும்பப் போடு. எனக்குத் தெரியும். நேற்று இரண்டு தடவை அப்படித்தான் எடுத்தேன். இன்றைக்கு எடுக்கவில்லை. அழுத்தினேன். தெரியாமல் என்று சொல்ல முடியாது, வேண்டுமென்றே என்றும் சொல்ல முடியாது, கை ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருந்தது, நான் அதைத் தடுக்கவில்லை. டப்பென்று டயர் உள்ளே இறங்கி உட்கார்ந்தது. "ஆச்சு!" என்றார் அவர். முகம் மலர்ந்ததா, இல்லையா, நான் பார்க்கவில்லை, வியர்வை கண்ணில் இறங்கியிருந்தது. கால் பம்ப்பை வைத்து மிதித்தேன். காற்று ஏறியது. ஏறி நின்றது. அவர் எழுந்து வந்து இடது கை விரலால் சுண்டிப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்குது வாணி. சண்முகம் தோத்தான் போ." சக்கரத்தை மாட்டி, ஆக்சிலை நுழைத்து, நட்டை இறுக்கி, பிரேக் கம்பியைப் போட்டு முடிக்கையில் மணி இரண்டு. "நான் சட்டை மாத்திட்டு வர்றேன்" என்று உள்ளே போனார்.

தனியாக உட்கார்ந்திருந்தேன். வண்டியின் முன் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டேன், அழகாகச் சுற்றியது, ஒரு பக்கமும் இழுக்கவில்லை. ஒன்றும் ஆகியிருக்காது. நசுங்கியிருக்கும், கிழிந்திருக்காது. ரப்பர்தானே, இழுத்துக்கொடுக்கும். சோப்புத் தண்ணீரைக் கையில் எடுத்து வால்வைச் சுற்றி ஊற்றினேன். ஒன்றும் இல்லை. எழுந்திருக்கப் போனேன். ஒரு குமிழி வந்தது. கடுகளவு. அது பெரிதாகி உடைந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. கன்னத்தைக் கொண்டுபோய் அருகில் வைத்தேன், காற்று படுவதே தெரியவில்லை. அவ்வளவு சின்ன ஓட்டை. இப்படியே விட்டால் இரண்டு மணி நேரத்தில் டயர் தரையில் படுத்துவிடும். அவர் கிளம்பத் தாமதமானால், சாப்பிட்டுவிட்டுப் போங்க என்று நான் இழுத்து வைத்தால், இங்கேயே, இந்த வாசலிலேயே காற்று இறங்கிவிடும். அடடா என்பார், செல்லாத்தாளுக்குப் போன் செய்து வேறு ஆளைப் பாருங்க என்பார், இன்றைக்குத் தப்பித்துவிடும். நாளைக்கு? நாளைக்கு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அவர் உடனே கிளம்பிவிட்டால்? தோட்டம் பதினோரு கிலோமீட்டர். ஆள் பாரம் ஏறினால் ஓட்டை விரியும், எட்டாவது கிலோமீட்டரில் முன் டயர் மெத்துமெத்தென்று ஆகும், ஹேண்டில் தானாகத் திரும்பும். சாப்பிட வைக்கலாம். தயிர் சாதம் இருக்கிறது, அப்பளம் பொரிக்கிறேன் என்று சொல்லலாம். சாப்பிட்டதும் ஒரு கண் அசருங்க என்று சொல்லலாம். எத்தனை பொய். காலையில் சூப்பர்வைசரிடம் சொன்ன காய்ச்சலிலிருந்து ஆரம்பித்தால் எத்தனை. அரை டயர் காற்றோடு அவர் எழுந்து வந்து, ஏதோ கொஞ்சம் குறைஞ்சிருக்குது, சண்முகம் கடையில் அடிச்சுக்கிறேன் என்று கிளம்பிவிட்டால் என்ன செய்வேன்? வண்டிக்குக் குறுக்கே படுப்பேனா? அந்த வாய்க்காலில் அவர் கிடந்தபோதாவது எனக்குத் தெரியாது. தெரியாமல் கோபப்பட்டேன். இப்போது தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னொரு குமிழி வந்து உடைந்தது.

உள்ளே போனேன். பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தார். சட்டையின் மேல் பட்டன் மட்டும் போட்டிருந்தது, அதுவும் தப்பான ஓட்டையில்.

"டியூப் கடிபட்டுப் போச்சுங்க."

திரும்பிப் பார்த்தார். "எப்ப?"

"கடைசி லிவர் போட்டப்போ."

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க. எடுத்திருக்கலாம். எடுக்கல."

கோபப்படுவார் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டில் கிறீச்சிட்டது, உட்கார்ந்துவிட்டார். பிறகு சோத்தாங்கையை எனக்கு முன்னால் நீட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. குளிரில் நடுங்குவது போல, ஐந்தும் தனித்தனியாக.

"காலையில அந்தாத்தாகிட்ட வர்றேன்னு சொன்னதுலிருந்து இப்படித்தான் இருக்குது. பந்த வெச்சுட்டு மறைச்சுட்டு இருந்தேன். கால்மணி நேரமா இங்க நிக்கறேன் வாணி, ஒரு பட்டன் போட முடியல. ஏதாச்சும் ஒண்ணு கெட்டுப் போய்த் தொலையக் கூடாதான்னு நெனச்சுட்டே நின்னேன்."

தப்பான ஓட்டையில் இருந்த பட்டனைக் கழற்றிச் சரியான ஓட்டையில் போட்டேன்.

"சண்முகத்துக்கிட்டக் குடுத்திருந்தா அரைமணி நேரத்துல முடிச்சுருவான். அதுக்குத்தான் வேண்டாம்னேன். நீ போட்டா நாளு பிடிக்கும்னு."

சிரிப்பு வந்தது எனக்கு, அழுகைக்கு மிக அருகில் இருந்த சிரிப்பு. இரண்டு நாளாக நான் மெதுவாக வேலை செய்ததாக நினைத்திருந்தேன், மெதுவாகச் செய்வதற்காகவே என்னிடம் கொடுத்திருக்கிறார். "பின்ன எதுக்குங்க வர்றேன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். "தெரியல புள்ள. அந்தம்மா மாடுன்னு சொன்னதும் வாய் சொல்லீருச்சு" என்றார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது, எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "தம்பி, கெளம்பீட்டீங்களா? மாடு தீனி கூட எடுக்கல." அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையாட்டியிருந்தால் போதும், அப்படியே சொல்லியிருப்பார், அந்தப் பார்வையில் அது இருந்தது. எனக்குக் கழுத்தை அசைக்கவே முடியவில்லை. "அஞ்சு மணிக்கு வந்தர்றனுங்க ஆத்தா" என்றார்.

திரும்பவும் நட்டு, திரும்பவும் லிவர். இந்தத் தடவை அவர் நாற்காலியில் உட்காரவில்லை, சாக்கில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். டியூபைத் தண்ணீர் வாளியில் அமுக்கி ஓட்டையைத் தேடினோம், பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளி. அவர் டியூபை இழுத்துப் பிடித்துக்கொண்டார், சோத்தாங்கையால்தான். நான் உப்புத்தாளால் தேய்த்தேன். பிடித்திருந்த கை என் தேய்ப்புக்கு ஆடியது, பிறகு ஆடவில்லை. எதையாவது பிடித்துக்கொண்டிருந்தால் நடுக்கம் குறைகிறது என்று கவனித்தேன், அவரும் கவனித்திருப்பார். சொல்யூஷன் தடவிக் காயவிட்டு ஒட்டுப் போட்டு, சுத்தியலின் மரப்பிடியால் தட்டினேன். கடைசி ஒரு சாணுக்கு வந்தபோது, "இரு" என்று சொல்லிவிட்டுத் தன் விரலை உள்ளே விட்டு டியூபைத் தள்ளிப் பிடித்தார். "விரல் இருக்குதுங்க" என்றேன். "இருக்கட்டும், நீ பார்த்துப் போடு." லிவர் அவர் விரலுக்கு அரை அங்குலம் தள்ளி இறங்கியது. இவ்வளவு கவனமாக நான் வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை. காற்றடித்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தோம். குமிழி இல்லை. ஊற்றிய தண்ணீர் காய்ந்தது.

"நானும் வர்றேன்" என்றேன். "கேனை யாராச்சும் பிடிக்கோணுமல்ல." ஊசி மருந்து வைக்கிற நைட்ரஜன் கேன், அவருடைய கூட்டாளி ஒருவர் முந்தாநாள் நிரப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. பதினெட்டு வருடமாக அதை ரப்பர் கயிற்றால் கட்டிக்கொண்டுதான் போவார், யாரும் பிடித்ததில்லை. "ஆமா, பிடிக்கோணும்" என்றார்.

வண்டி தெரு முனையைத் தாண்டியதும் எனக்குத் தெரிந்தது: பயம் என்பது வயிற்றில் இல்லை, உட்கார்ந்த இடத்தில் இருக்கிறது. சீட்டின் வழியாக இரண்டு சக்கரமும் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்தன. இது பின் சக்கரம், நேற்றையது. இது முன் சக்கரம். சின்னக் கல் ஒன்றில் ஏறி இறங்கியதும் என் ஒட்டு அங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன், நிமிடத்துக்கு எத்தனை சுற்றோ, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை அது தரைக்கு வந்து எங்கள் இரண்டு பேரையும் தாங்குகிறது. அவர் விழுந்த ரோடு வேறு, இந்த ரோடு வேறு, ஆனாலும் கிளுவை வேலி எல்லா ரோட்டிலும் இருக்கிறது, காற்றாடிகள் எல்லா இடத்திலும் சுற்றுகின்றன. ஒரு வளைவில் ஹேண்டில் லேசாகத் திரும்பியது, தானாகவா? இல்லை, வளைவுக்காகத்தான். அவர் தோளைப் பார்த்தேன், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பதினைந்துக்கு மேல் போகவில்லை. சைக்கிளில் வந்த ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார், திரும்பிப் பார்த்துக்கொண்டே. ஏழாவது கிலோமீட்டரில் ஒரு செம்மறிக் கூட்டம் வேலி இடுக்கிலிருந்து ரோட்டுக்குள் கொட்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி குனிந்தது, முன்பக்கம் அமுங்கி நிமிர்ந்தது, நின்றது. கண்ணைத் திறந்தபோது சோத்தாங்கையின் நாலு விரலும் பிரேக்கை மடக்கிப் பிடித்திருந்தன, முட்டிகள் வெளுத்திருந்தன. ஆடுகள் போய் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். "நின்னுருச்சு" என்றார், என்னிடம் இல்லை. பிறகு விட்டார்.

செல்லாத்தாள் தோட்டத்து முகப்பிலேயே நின்றிருந்தார், எழுபது வயதிருக்கும், காது வளர்த்த அம்மா. மாடு அவர் சொன்னது போலவே கத்திக்கொண்டிருந்தது. இடது கையில் நீள உறையை மாட்டிக்கொண்டு இவர் வேலையில் இறங்கினார், நான் வாலை ஒதுக்கிப் பிடித்தேன். வலது கை பிடித்த ஊசி உள்ளே மெல்ல மெல்லப் போனதைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அவர் வேலை செய்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. கண்ணை எங்கோ தூரத்தில் வைத்துக்கொண்டு, கை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது போல நின்றார். நூல் முனை தேடும்போது நான் அப்படித்தான் நிற்பேன் என்று பக்கத்து மிஷின் பாப்பாத்தி சொல்வாள்.

"இதாருங்க தம்பி?" என்றார் செல்லாத்தாள்.

"என்ற ஊட்டுக்காரிங்க. வண்டிக்கு ரெண்டு டயரும் இவதான் மாத்துனா."

அந்த அம்மா என் நகங்களைப் பார்த்தார். "தைரியந்தான் கண்ணு உனக்கு" என்றார். இல்லை என்று சொல்லத் தோன்றியது. சொன்னால் எங்கிருந்து ஆரம்பிப்பது? மோர் கொடுத்தார், குடித்தேன், உப்புக் கொஞ்சம் அதிகம். இவர் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருக்கையில் நான் வண்டியிடம் போய்க் குந்தி, முன் டயரைக் கட்டைவிரலால் அமுக்கினேன். கல் மாதிரிதான் இருந்தது. நகர்ந்து வேறொரு இடத்தில் அமுக்கினேன். அங்கும் அப்படித்தான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, வந்த பதினோரு கிலோமீட்டரையும் இருட்டுவதற்குள் திரும்பப் போக வேண்டும், வேலியெல்லாம் அப்படியே நிற்கும், செம்மறிகள் பட்டிக்குத் திரும்புகிற நேரம் வேறு. அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறி, கிளப்பாமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை அமுக்கிப் பார்க்கலாமா என்று இருந்தது. எழுந்தேன். ஏறி உட்கார்ந்து, கேனை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எடுங்க" என்றேன்.